செலவழிக்க மனம் வராத காசு

இதுவரை யாரும் வாங்காத, யாரும் விற்காத ஒரு பொருளுக்கு முதல் விலையை எப்படி வைப்பது? 2009 அக்டோபரில் இந்தச் சிக்கல் ஒருவருக்கு வந்தது. 'நியூ லிபர்ட்டி ஸ்டாண்டர்ட்' என்ற புனைபெயரில் இயங்கிய அவர், பிட்காயினை டாலருக்கு மாற்றித் தரும் சேவையைத் தொடங்க விரும்பினார். சந்தை என்று ஒன்று இல்லை. ஆகவே கரண்ட் பில்லைக் கையில் எடுத்தார்.

கணக்கு இதுதான். ஒரு கணினியை ஆண்டு முழுக்க முழு வேகத்தில் ஓடவிட்டால் 1,331.5 யூனிட் மின்சாரம் இழுக்கும். அமெரிக்க வீடுகளுக்கு முந்தைய ஆண்டின் சராசரிக் கட்டணம் யூனிட்டுக்கு 11.36 சென்ட். பெருக்கினால் சுமார் 151 டாலர். பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்குப் பன்னிரண்டரை டாலருக்குச் சற்று மேல். அதைக் கடந்த 30 நாளில் தன் கணினி ஈட்டிய பிட்காயின்களின் எண்ணிக்கையால் வகுத்தார். அக்டோபர் 5 அன்று அவர் அறிவித்த விகிதம்: ஒரு டாலருக்கு 1,309.03 பிட்காயின். தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் வரை போட்டதில் ஒரு வங்கி மேலாளரின் மிடுக்கு தெரிகிறது.

ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 12 அன்று, ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த மார்ட்டி மால்மி என்ற மாணவர் தன்னிடமிருந்த 5,050 பிட்காயினை அவருக்கே விற்றார். பேபால் வழியாக வந்த தொகை 5 டாலர் 2 சென்ட். பதிவில் உள்ள முதல் விற்பனைகளில் இது ஒன்று.

பொருளியல் படித்த எவரும் இந்த விலைக் கணக்கைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். உற்பத்திச் செலவு வேறு, மதிப்பு வேறு. யாருக்கும் வேண்டாத ஒன்றை எவ்வளவு செலவழித்துச் செய்தாலும் அது விலை போகாது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. டாலரை ஒழித்துக்கட்ட வந்த நாணயத்தின் முதல் விலைச்சீட்டே டாலரில்தான் எழுதப்பட்டது. மின்வாரியக்காரன் பிட்காயின் வாங்கமாட்டான் என்பதால் வேறு வழியும் இருக்கவில்லை.

இந்த நாணயத்தின் வரைவு அதற்கு ஓராண்டு முன்பு, 2008 அக்டோபர் 31 அன்று வெளியானது. ஒன்பது பக்கம். எழுதியவர் பெயர் சத்தோஷி நகமோட்டோ. ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலாகி ஆறு வாரம் ஆகியிருந்தது. அரசுகள் வரிப்பணத்தை அள்ளிக் கொட்டி மற்ற வங்கிகளைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தன. 2009 ஜனவரி 3 அன்று உருவான அதன் கணக்கேட்டின் முதல் பக்கத்திலேயே, பிரிட்டன் நிதியமைச்சர் வங்கிகளுக்கு இரண்டாம் முறையாகக் கைகொடுக்கப் போவதைச் சொல்லும் அன்றைய 'தி டைம்ஸ்' தலைப்புச் செய்தியை நகமோட்டோ பொதித்து வைத்தார். அதனால் பிட்காயின் அந்த நெருக்கடியின் பிள்ளை என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் நகமோட்டோவே சொன்னபடி நிரல் எழுதும் வேலை 2007லேயே தொடங்கிவிட்டது. நெருக்கடி அதற்குக் கேட்பவர்களைத் தேடித் தந்தது, அவ்வளவுதான்.

அவர் தீர்க்க முயன்ற புதிர் பழையது. நூறு ரூபாய் நோட்டை உங்களிடம் கொடுத்துவிட்டால் அது என்னிடம் இருக்காது. கணினிக் கோப்பு அப்படியில்லை. உங்களுக்கு அனுப்பிய பிறகும் என்னிடம் அச்சு அசலாக ஒரு நகல் இருக்கும். அதையே இன்னொருவருக்கும் அனுப்பலாம். ஒரே காசை இரண்டு கடையில் கொடுப்பதை ('இரட்டைச் செலவு' என்பார்கள்) தடுக்க வேண்டுமானால் நடுவில் ஒருவர் உட்கார்ந்து கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். வங்கி செய்வது அதுதான்.

டேவிட் சாம் என்ற அமெரிக்கக் கணினியியலாளர் 1982லேயே இதற்கு ஓர் அழகான பாதி விடை கண்டார். காசை யார் செலவழித்தார் என்று வங்கிக்கே தெரியாமல், ஆனால் காசு செல்லுமா செல்லாதா என்று மட்டும் வங்கி சரிபார்க்கும்படி ஒரு கையெழுத்து முறை. ஆம்ஸ்டர்டாமில் 'டிஜிகேஷ்' என்ற நிறுவனமும் தொடங்கினார். நடுவில் வங்கி தேவைப்பட்டது. வங்கிகள் பெரிதாக முன்வரவில்லை. 1998ல் நிறுவனம் திவால். 1996ல் ஒரு புற்றுநோய் மருத்துவர் ஃபுளோரிடாவில் தொடங்கிய 'இ-கோல்ட்' இன்னும் வெகுதூரம் போனது. தங்கத்தைப் பெட்டகத்தில் வைத்து, அதன் பேரில் இணையத்தில் கணக்கு. மோசடிக்காரர்களும் அதை விரும்பிப் பயன்படுத்தினார்கள். 2007ல் வழக்கு வந்தது, மறு ஆண்டு நிறுவனர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மையம் என்று ஒன்று இருந்தால் அது திவாலாகலாம் அல்லது அதன் வாசலில் போலீஸ் வந்து நிற்கலாம். இணையப் பணத்தைத் தேடிய ஆர்வலர்கள் கற்ற பாடம் அது.

நகமோட்டோ மையத்தையே எடுத்துவிட்டார். கோயில் திருவிழா முடிந்ததும் வரவு செலவுக் கணக்கை எழுதி மண்டபச் சுவரில் ஒட்டுவார்கள். யார் எவ்வளவு நன்கொடை தந்தார், பந்தல்காரருக்கு எவ்வளவு போனது என்று ஊரே நின்று பார்க்கும். அந்தத் தாளின் நகல் ஊரில் ஒவ்வொருவர் வீட்டிலும் இருந்தால் எப்படியோ, அப்படி பிட்காயினின் பேரேடு. மீதியிருக்கும் கேள்வி, அடுத்த பக்கத்தை யார் எழுதுவது? ஆளாளுக்கு எழுதினால் நகல்கள் ஒத்துப்போகாது. ஓட்டெடுப்பு வைத்தால் ஒருவரே ஆயிரம் பொய்ப் பெயர்களில் வந்து ஓட்டுப் போடுவார்.

இங்கேதான் மின்சாரம் நுழைகிறது. 'ஹாஷ்' என்பது எந்தச் செய்தியைக் கொடுத்தாலும் அதற்கு 64 எழுத்தில் ஒரு கைரேகை எடுத்துத் தரும் சூத்திரம். செய்தியில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் கைரேகை அடியோடு மாறிவிடும். கைரேகையிலிருந்து செய்தியைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க வழியில்லை. பேரேட்டின் புதிய பக்கத்தை, அதாவது பிளாக்கை, எழுத விரும்புகிறவர் அதன் ஓரத்தில் ஏதோ ஓர் எண்ணைச் சேர்த்து, மொத்தத்தின் கைரேகை இத்தனை சுழியங்களில் தொடங்கும்படி செய்ய வேண்டும். குறுக்கு வழி கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். முதல் பிளாக்குக்கு எட்டுச் சுழியம் போதும். அதற்கே சராசரியாக 430 கோடி தடவை முயல வேண்டும். உண்மையில் கிடைத்த கைரேகை பத்துச் சுழியங்களில் தொடங்குகிறது. எண்ணை முதலில் கண்டுபிடித்தவர் பக்கத்தை எழுதுகிறார், கூலியாகப் புதிய பிட்காயின் பெறுகிறார்; தொடக்கத்தில் அது 50. மைனிங் என்பது இந்த வேலைதான். ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்தின் கைரேகை இருப்பதால், பழைய வரி ஒன்றைத் திருத்த நினைப்பவர் அதற்குப் பின் வந்த எல்லாப் பக்கத்துக்கும் மறுபடி இந்த வேலையைச் செய்தாக வேண்டும். ஊர் முழுக்கச் சேர்ந்து முன்னே ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் தனியாகப் பின்னாலிருந்து துரத்த வேண்டும்.

இதில் எந்த உறுப்பும் முற்றிலும் புதிதில்லை. கணினியைத் திணறவைத்து அதையே சான்றாக்கும் உத்தியை ஆடம் பேக் 1997ல் வேண்டாத மின்னஞ்சல்களைத் தடுப்பதற்காக உருவாக்கியிருந்தார். உறுப்புகளைப் பூட்டிய விதம்தான் புதிது. இன்றும் அந்த ஒன்பது பக்கத்தைப் படித்தால், பணத்தைப் பற்றி என்ன அபிப்பிராயம் இருந்தாலும், பொறியியலைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

பாராட்டியவர்களில் முதல்வர் ஹால் ஃபின்னி. மறையாக்க மென்பொருளில் ஊறியவர். 2004ல் தானே இதைப் போன்ற ஒன்றை முயன்றவர். 2009 ஜனவரி 12 அன்று நகமோட்டோ அவருக்கு 10 பிட்காயின் அனுப்பினார். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போன முதல் தொகை அது. அதே மாதம் ஃபின்னி ஒரு கணக்குப் போட்டார். உலகக் குடும்பங்களின் மொத்தச் சொத்து 100 முதல் 300 லட்சம் கோடி டாலர். உலகின் முதன்மைப் பணமாகப் பிட்காயின் ஆகிவிட்டால், மொத்தமே 2 கோடியே 10 லட்சம்தான் இருக்கப்போவதால், ஒரு பிட்காயினின் விலை சுமார் ஒரு கோடி டாலர். நடப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்றாலும், கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைப்பதைக் கொஞ்சம் எடுத்து வைப்பதில் என்ன நஷ்டம் என்று கேட்டார். நகமோட்டோவும் அதையே வேறு சொற்களில் சொன்னார்: பிடித்துக்கொண்டால் உதவும், கொஞ்சம் வாங்கி வையுங்கள். இப்படிச் சொன்ன ஃபின்னி சில நாளிலேயே மைனிங்கை நிறுத்திவிட்டார். கணினி சூடாகிறது, விசிறிச் சத்தம் தாங்கவில்லை என்பது காரணம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாணயம் பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அதைக் கொண்டு என்ன வாங்கலாம் என்ற பேச்சுக்கு முன்பே, எடுத்து வைத்தால் எவ்வளவு ஆகும் என்ற பேச்சு வந்துவிட்டது.

சந்தேகங்களும் அதே வேகத்தில் வந்தன. வரைவுக்கு வந்த முதல் எதிர்வினையே, இப்படி ஒன்று அவசியம் வேண்டும், ஆனால் இது தேவையான அளவுக்குப் பெருகாதே என்பதுதான். எல்லோர் கணக்கையும் எல்லோரும் வைத்துக்கொள்வதென்றால் உலகம் தாங்குமா? விசா அட்டைகள் அப்போது நாளொன்றுக்குப் பத்துக் கோடிப் பரிவர்த்தனை செய்துகொண்டிருந்தன. அதுவரை வளரும் காலத்தில் இணைய வேகமும் வளர்ந்திருக்கும் என்று நகமோட்டோ பதில் சொன்னார். பிறகு 2010ல் அவரே ஒரு பிளாக்கின் அளவை ஒரு மெகாபைட்டுக்குள் அடைத்தார். வினாடிக்கு அதிகபட்சம் ஏழு பரிவர்த்தனை என்ற அளவில் ஏற்பாடு நின்றது. அந்த வரம்பைத் தளர்த்துவதா வேண்டாமா என்று பின்னால் நடந்த சண்டையில் ஆர்வலர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்.

பொருளியல் தரப்பிலிருந்து வந்த சந்தேகம் ஆழமானது. அரசை நம்பாத, தங்கத்தை நேசிக்கிற ஆஸ்திரியப் பள்ளிப் பொருளியலாளர்களின் வாசகர்கள் பிட்காயினை ஓடி வந்து அணைத்திருக்க வேண்டும். அவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். லுட்விக் வான் மீசஸ் 1912ல் வாதிட்டது இது: ஒரு பொருள் பணமாவதற்கு முன், பணமாக இல்லாத காலத்திலேயே, அதற்கு ஏதோ ஒரு பயன் இருந்திருக்க வேண்டும். இன்றைய பணத்தின் மதிப்பை நேற்றைய மதிப்பை வைத்து அறிகிறோம், நேற்றையதை அதற்கு முந்தைய நாளை வைத்து. இப்படியே பின்னால் போனால் தங்கம் வெறும் நகையாக இருந்த நாள் வரும். பிட்காயினுக்கு அப்படி ஒரு நாளே கிடையாது. 2010 ஆகஸ்டில் நகமோட்டோ ஒரு கற்பனையால் பதில் சொன்னார். தங்கத்தைப் போலவே அரிதான, மங்கிய சாம்பல் நிறத்தில், எதற்கும் உதவாத ஓர் உலோகம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை இணையக் கம்பி வழியாக அனுப்ப முடியும் என்ற ஒரே ஒரு மாயம் மட்டும் அதற்கு உண்டு. அந்தக் காரணத்துக்காகவே சிலர் அதை வாங்கலாம், சேகரிப்பவர்கள் வாங்கலாம், எதற்கென்று தெரியாமலேகூட ஒரு விலை தொற்றிக்கொள்ளலாம். கறாரான தேற்றத்துக்கு இது பதிலாகாது. ஆனால் நடந்தது ஏறத்தாழ இதுதான்.

அந்த ஆண்டு மே 18 அன்று, ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் இருந்த லாஸ்லோ ஹன்யெச் என்ற நிரலாளர் ஓர் அறிவிப்பு விட்டார். இரண்டு பெரிய பீட்சா வாங்கித் தருபவருக்குப் பத்தாயிரம் பிட்காயின். வெங்காயம், குடமிளகாய், காளான் எல்லாம் பிடிக்கும். மீனைப் போட்டு விபரீதம் செய்ய வேண்டாம். கணினியின் கிராஃபிக்ஸ் அட்டையை மைனிங்குக்குத் திருப்பிவிட்ட முன்னோடி அவர். காயின்கள் கையில் குவிந்திருந்தன. நான்கு நாள் கழித்து கலிஃபோர்னியாவில் இருந்த 19 வயது இளைஞர் ஒருவர் ஒப்புக்கொண்டார். பாப்பா ஜான்ஸ் கடையில் இரண்டு பீட்சா ஜாக்சன்வில் முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைய மதிப்பில் பத்தாயிரம் பிட்காயின் 41 டாலர்.

மே 22ஐ 'பீட்சா தினம்' என்று உலகெங்கும் கொண்டாடுகிறார்கள், பிட்காயின் கொடுத்து வாங்கிய முதல் பொருள் என்று. கூடவே அந்தப் பத்தாயிரம் இன்று எத்தனை கோடி என்று கணக்குப் போட்டு 'ச்சு' கொட்டுகிறார்கள். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. பீட்சா கடை வாங்கியது டாலர். இளைஞர் டாலர் கொடுத்துப் பீட்சாவை வாங்கினார், ஹன்யெச்சிடம் பீட்சாவைக் கொடுத்துப் பிட்காயினை வாங்கினார். கடைக்காரருக்கு அப்படி ஒரு நாணயம் இருப்பதே தெரியாது. ஹன்யெச்சைப் பார்த்து உச்சுக் கொட்டுவதோ அதைவிட வினோதம். நகமோட்டோ வெளியிட்ட வரைவின் தலைப்பில் இருந்த சொல் 'பணம்'. பணத்தைப் பணமாக நடத்திய ஒரே மனிதரை ஏமாளி என்கிறோம். பின்னால் அளித்த பேட்டியில் அவர், பீட்சாக்களுக்கும் மற்றவற்றுக்குமாக ஏறத்தாழ ஒரு லட்சம் பிட்காயின் செலவழித்ததாகச் சொன்னார். யாராவது செலவழித்தால்தானே அது பணம்?

மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, 74,638ஆம் பிளாக்கில் ஒரு பரிவர்த்தனை வந்தது. அதில் 18,400 கோடிக்கும் மேற்பட்ட பிட்காயின் முளைத்திருந்தது. மொத்தமே 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாது என்று உறுதி சொன்ன ஏற்பாட்டில்! மிகப் பெரிய இரண்டு எண்களைக் கூட்டும்போது, கணினி ஒதுக்கிய இடம் போதாமல் விடை எதிர்மறை எண்ணாகிவிட்டது. நிரலும் சரி என்று விட்டுவிட்டது. சில மணி நேரத்தில் நகமோட்டோவும் மற்றவர்களும் திருத்திய நிரலை வெளியிட்டார்கள். மைனிங் செய்தவர்கள் அதை ஏற்றுக்கொண்டு, கெட்ட பிளாக்கைக் கைவிட்டு வேறு கிளையைத் தொடர்ந்தார்கள். கெட்ட கிளை செத்தது. மனிதரை நம்பத் தேவையில்லை, கணிதத்தை நம்பினால் போதும் என்பது ஆர்வலர்களின் முழக்கமாக இருந்தது. கணிதம் வழுக்கிய அன்று காப்பாற்றியது ஒருவரையொருவர் நம்பிய ஒரு சின்னக் கூட்டம். இதைக் குறையாக நான் சொல்லவில்லை. வங்கிகளும் அப்படித்தான் பிழைக்கின்றன.

2011 பிப்ரவரியில் ஒரு பிட்காயின் ஒரு டாலரைத் தொட்டது. அதே மாதம், பிட்காயினை மட்டுமே வாங்கிக்கொண்டு போதைப்பொருள் விற்கும் 'சில்க் ரோடு' என்ற இணையச் சந்தை திறந்தது. கசப்பான உண்மை என்னவென்றால், டாலருக்கு மாற்றாகப் பிட்காயினை உள்ளபடியே தேவையாக்கிய முதல் பெரிய வணிகம் அதுதான். மற்ற இடங்களில் அட்டை செல்லும், அங்கே செல்லாது. ஜூனில் செய்தி பரவி, அமெரிக்க செனட்டர்கள் இருவர் நடவடிக்கை கேட்டுக் கடிதம் எழுதினார்கள். விலை 30 டாலரைத் தாண்டியது. அந்த மாதமே பெரும்பாலோர் காசு மாற்றிய 'மவுண்ட் காக்ஸ்' தளத்துக்குள் ஒருவர் ஊடுருவ, விலை அங்கே சில நிமிடம் ஒரு சென்ட்டுக்கு விழுந்தது. அந்தத் தளத்தின் பெயர், சீட்டு விளையாட்டு அட்டைகளை மாற்றிக்கொள்ளும் சந்தை என்பதன் சுருக்கம். முதலில் அதற்காகத்தான் பதிவு செய்திருந்தார்கள். வங்கியை நம்பாதவர்கள் காசைக் கொண்டுபோய் வைத்த இடம் இது. 2014 பிப்ரவரியில் அது சுமார் எட்டரை லட்சம் பிட்காயினைக் காணோம் என்று சொல்லிவிட்டுத் திவாலானது. டெபாசிட் காப்பீடு என்ற பழைய சமாச்சாரம் எதற்காக வந்தது என்று பலருக்கும் அன்று புரிந்திருக்கும்.

2011 செப்டம்பரில் பொருளியலாளர் பால் க்ரூக்மன் எழுதிய குறிப்பு சின்னதுதான். ஆனால் குறி தவறவில்லை. பிட்காயினின் டாலர் விலை ஏறியதை எல்லோரும் வெற்றி என்கிறார்கள். பிட்காயினை வைத்துப் பார்த்தால் அதே ஏற்றம் பொருள்களின் விலை வீழ்ச்சி. நாளை இன்னும் அதிகம் வாங்கும் என்று தெரிந்த காசை எவன் இன்று செலவழிப்பான்? எல்லோரும் பதுக்குவார்கள், கொடுக்கல் வாங்கல் சுருங்கும். பணம் இருப்பது, வைத்திருப்பவரைப் பணக்காரராக்க அல்ல என்பது அவர் வாதம்.

இந்த வாதத்துக்குப் பின்னால் அவர் பல வருடங்களாகச் சொல்லிவந்த ஒரு கதை இருக்கிறது. வாஷிங்டனின் கேப்பிட்டல் ஹில் பகுதியில் 1970களில் சுமார் 150 தம்பதிகள் சேர்ந்து, ஒருவர் குழந்தையை மற்றவர் பார்த்துக்கொள்ள ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அரை மணி நேரத்துக்கு ஒரு கூப்பன். குழந்தையைப் பார்த்துக்கொண்டால் கூப்பன் வரும். விட்டுவிட்டு வெளியே போனால் கூப்பன் போகும். புழக்கத்தில் கூப்பன் குறைவாக இருந்த ஒரு கட்டத்தில், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எல்லோரும் சேர்த்து வைக்கத் தொடங்கினார்கள். யாரும் வெளியே போகவில்லை. அதனால் யாருக்கும் கூப்பன் சம்பாதிக்கும் வாய்ப்பும் இல்லை. குழந்தைகளும் இருந்தார்கள், பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தார்கள். ஏற்பாடு மட்டும் நின்றுவிட்டது. கட்டாயம் மாதத்துக்கு இத்தனை முறை வெளியே போக வேண்டும் என்று விதி போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் கூடுதல் கூப்பன் அச்சடித்துக் கொடுத்ததும் எல்லோரும் சினிமாவுக்குக் கிளம்பினார்கள். பிறகு அளவுக்கு மீறி அச்சடித்து வேறு தொல்லையில் மாட்டிக்கொண்டதையும் சொல்ல வேண்டும். ஆர்வலர்கள் பிடித்துக்கொள்வது அந்தப் பாதியைத்தான்.

அவர்களிடம் மறுமொழி இல்லாமல் இல்லை. கணினி விலை ஆண்டுதோறும் இறங்குகிறது, அதற்காக வாங்காமலா இருக்கிறோம்? ஒரு பிட்காயினைப் பத்துக் கோடித் துண்டாக்கலாம் என்பதால் காசுத் தட்டுப்பாடு என்ற பேச்சே வராது. இரண்டாவது வாதம் சில்லறைப் பிரச்சினையைத் தீர்க்கும், பதுக்கலைத் தீர்க்காது. முதல் வாதத்தில் கொஞ்சம் சாரம் உண்டு. ஆனால் கணினி இல்லாமல் ஒருவர் வேலை பார்க்க முடியாது; பிட்காயினைச் செலவழிக்காமல் யாரும் பட்டினி கிடக்கவில்லை, ஏனென்றால் பாக்கெட்டில் டாலர் இருக்கிறது. இரண்டு காசு கையில் இருந்தால் மதிப்பு தேயும் காசைத்தான் கடைக்குக் கொடுப்போம். 2011 நவம்பரில் விலை 2 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. ஐந்து மாதத்தில் பதினைந்தில் ஒரு பங்கு. இப்படி ஏறி இறங்குவதில் ஒரு கடைக்காரர் விலைப் பலகை எழுத முடியாது, முதலாளி சம்பளம் பேச முடியாது. ஆகவே பிட்காயின் வாங்கிய கடைகளும் விலையை டாலரிலேயே எழுதின.

பெரிய சோதனை 2021 செப்டம்பரில் எல் சால்வடோரில் நடந்தது. பிட்காயினை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சட்டமே வந்தது. அரசின் செயலியை இறக்கியவர்களுக்கு 30 டாலர் மதிப்புள்ள பிட்காயின் இலவசம். மக்கள் இறக்கினார்கள், முப்பது டாலரைச் செலவழித்தார்கள், அதன் பிறகு பெரும்பாலோர் செயலியைத் திறக்கவில்லை. 2025 ஜனவரியில் அந்தக் கட்டாயம் சட்டத்திலிருந்து நீங்கியது. ஒரு காசை மற்றவர் வாங்குவார் என்ற நம்பிக்கையில்தான் நாம் வாங்குகிறோம். அந்த நம்பிக்கையைச் சட்டத்தாலும் இனாமாலும் கிளப்பிவிட முடியவில்லை.

எல் சால்வடோருக்கு முன்பே, வினாடிக்கு ஏழு பரிவர்த்தனை என்ற வேகத் தடைக்கு நிரலாளர்கள் ஒரு வழி கண்டிருந்தார்கள். சிறு தொகைகளைப் பேரேட்டில் உடனுக்குடன் எழுதாமல், இருவருக்குள் கணக்கு வைத்துப் பிறகு தீர்த்துக்கொள்ளும் 'லைட்னிங்' முறை அது. 2018 பிப்ரவரியில் ஹன்யெச் அதைச் சோதித்துப் பார்த்தார். மறுபடி இரண்டு பீட்சா. இந்த முறை 0.00649 பிட்காயின்; நொடியில் போய்ச் சேர்ந்தது. பெற்றுக்கொண்டவர் லண்டனில் இருந்த அவருடைய நண்பர். அவர் ஹன்யெச் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கடையைப் பிடித்து ஆர்டர் கொடுத்தார். கடைக்குப் போனது வழக்கமான பணம்தான்.